உறுமியின் உறுமலைக் குமிழால் அணைக்க வேண்டாம்

கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் இசை உருவாக்கும் மாணவர்கள் இன்று பெருகிவிட்டார்கள். எங்கள் செலாயாங், பத்துமலை வட்டாரத்தில் உறுமி மேளக் குழுக்களில் வாசிக்கும் பிள்ளைகள் தங்கள் வாசிப்பைத் தாங்களே பதிவு செய்து, செம்மைப்படுத்தி, சமூக ஊடகங்களில் ஏற்றுகிறார்கள். பாராட்ட வேண்டிய முயற்சிதான். ஆனால், அப்படி வரும் பதிவுகள் பலவற்றில் உறுமியும் தவிலும் பறையும் ஒரே மாதிரி 'டப் டப்' என்று ஒலிக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது எந்த வாத்தியம் என்று சொல்ல முடிவதில்லை. இதற்கு ஒரு காரணம், 'டிரான்சியன்ட் ஷேப்பர்' எனப்படும் சிறிய மென்பொருள் கருவியை அதன் அறிவியல் தெரியாமல் பயன்படுத்துவது என்பது என் கருத்து.

அந்தக் கருவியில் முக்கியமாக இரண்டே குமிழ்கள் இருக்கும். ஒன்று அட்டாக், மற்றொன்று சஸ்டெய்ன். தோலில் கை அல்லது குச்சி விழும் முதல் நொடித்துளி அட்டாக். அதன்பின் ஒலி நீண்டு தேய்வது சஸ்டெய்ன். நம் இசையில் இதற்குக் 'கார்வை' என்ற அழகான சொல் உண்டு.

தட்டின் தொடக்கம் மிகக் குறுகியது. அதை 10 மில்லிநொடி என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் ஒலி காற்றில் ஏறக்குறைய 3.4 மீட்டர்தான் செல்லும். ஒரு நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கும் பதிவில் அது வெறும் 441 மாதிரிகள். அவ்வளவு சிறிய பகுதியைக் கருவி எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஒலியின் வீச்சை இரண்டு பேர் கவனிப்பதாகக் கற்பனை செய்யுங்கள். ஒருவர் வேகமானவர், மற்றவர் மந்தமானவர். தட்டு விழுந்தவுடன் வேகமானவர் உச்சிக்கு ஏறிவிடுவார். மந்தமானவர் பின்தங்கி மெல்ல ஏறுவார். இருவருக்கும் இடையில் விழும் இடைவெளிதான் தட்டின் தொடக்கம். அந்த இடைவெளி இருக்கும்வரை மட்டும் ஒலியைக் கூட்டினால் அட்டாக் கூர்மையாகும். ஒலி தேயும்போதும் இதே முறையில் கார்வையைக் கூட்டலாம், குறைக்கலாம். ஜெர்மனியின் எஸ்.பி.எல். நிறுவனம் 1990-களில் இந்த அடிப்படையில் உருவாக்கிய 'டிரான்சியன்ட் டிசைனர்' கருவிதான் இன்றைய பல மென்பொருள்களுக்கு முன்னோடி. ஒலி எவ்வளவு உரத்தது என்பதை விட, எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதே இதற்கு முக்கியம்.

அட்டாக் ஏன் இவ்வளவு முக்கியம்? 1948-இல் பாரிஸ் வானொலியில் பணியாற்றிய பியர் ஷேஃபர், மணியோசையைப் பதிவு செய்தபோது அடி விழும் கணத்தை விட்டுவிட்டு மீதியை மட்டும் கேட்டுப் பார்த்தார். அது மணிபோல் ஒலிக்கவில்லை, ஊதுகருவிபோல் ஒலித்தது. 1987-இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட டி-50 மின்னிசைக் கருவியும் இந்த உண்மையைப் பயன்படுத்திக்கொண்டது. அப்போது நினைவகச் சில்லுகளின் விலை அதிகம். அதனால் உண்மையான வாத்தியத்தின் தொடக்க ஒலியை மட்டும் பதிவிலிருந்து எடுத்து, தொடர்ச்சியைச் செயற்கையாக உருவாக்கினார்கள். நம் காது அதை ஏற்றுக்கொண்டது. வாத்தியத்தை அடையாளம் காண நம் காது முதல் கணத்தைப் பெரிதும் நம்புகிறது என்பதற்கு இவை சான்று.

அப்படியானால் அட்டாக்கைக் கூட்டி, கார்வையைக் குறைத்தால் நல்லதுதானே என்று நீங்கள் கேட்கலாம். மேலைநாட்டு டிரம் செட்டுக்கு அது பெரும்பாலும் சரி. இக்கருவிகளின் தயார் அமைப்புகளில் 'கிக்', 'ஸ்னேர்' என்ற பெயர்களே நிறைந்திருப்பதைப் பாருங்கள். நம் தோல்கருவிகளின் கதை வேறு.

சாதாரண வட்டத் தோலைத் தட்டினால் எழும் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30 என்ற விகிதத்தில் அமையும். அவை முழு எண்கள் அல்ல. அதனால்தான் பெரும்பாலான முரசுகளில் ஓசை கேட்கும், சுருதி கேட்காது. மிருதங்கமும் தபலாவும் இதற்கு விதிவிலக்கு. இதன் காரணத்தை ஆராய்ந்தவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன். 1920-இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழிலும், பின்னர் 1934-இல் விரிவாகவும் எழுதினார். தோலின் நடுவில் பூசப்படும் கருஞ்சாந்தின் எடை, அதிர்வுகளை ஏறக்குறைய 1, 2, 3, 4, 5 என்ற முழு எண் விகிதத்திற்குக் கொண்டு வருகிறது என்று காட்டினார். தம்பூராவின் சுருதியோடு மிருதங்கம் சேர்வது இதனால்தான்.

இந்தச் சுருதி எங்கே கேட்கிறது? தட்டு விழும் கணத்தில் அல்ல, அதன்பின் வரும் கார்வையில். ஒரு 'சாப்பு' ஒலியின் சஸ்டெய்னைக் குறைத்துவிட்டால், கைவினைஞர் அடுக்கடுக்காகச் சாந்து பூசிப் பெற்ற பலனை ஒரு குமிழால் துடைத்துவிடுகிறோம்.

உறுமியின் நிலை இன்னும் மோசம். அதன் ஒரு முகத்தை மெல்லிய குச்சியால் தட்டுவார்கள். மறுமுகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். குச்சி தோலில் ஒட்டியும் வழுக்கியும் நகர்வதால்தான் அந்த உறுமல் பிறக்கிறது. வயலின் வில் தந்தியை அதிரச் செய்வதும் இப்படித்தான். உறுமல் மெல்ல எழுந்து மெல்ல அடங்கும். ஆகவே, நம் இரண்டு கவனிப்பாளர்களும் ஏறக்குறைய சேர்ந்தே ஏறுவார்கள். இடைவெளி விழாது, கருவி உறுமலைக் கூட்டாது. தட்டை மட்டும் கூட்டும். தட்டு உயர்ந்து பதிவின் உச்ச வரம்பைத் தொட்டதும், ஒலி உடைந்துவிடாமல் இருக்க மொத்த அளவையும் இறக்குவோம். உறுமலும் சேர்ந்து இறங்கும். கடைசியில் உறுமிக்குப் பெயர் தந்த ஒலியே காணாமல் போகும்.

இந்தக் கருவியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எதிரொலி மிகுந்த மண்டபத்தில் எடுத்த பதிவில் தட்டுகள் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கும். அங்கே சஸ்டெய்னைச் சற்றுக் குறைத்தால் தாளம் தெளிவாகும். தைப்பூசக் கூட்டத்தில் தூரத்திலிருந்து கைப்பேசியில் எடுத்த பதிவில் அமுங்கிப்போன தட்டை அட்டாக் குமிழ் மீட்டுத் தரலாம். குறையைச் சரிசெய்யும்போது அது நல்ல கருவி. எல்லாப் பதிவிலும் பழக்கமாகத் திருகும்போதுதான் சிக்கல்.

எனவே, குமிழைத் தொடுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். தமிழ்ப்பள்ளியில் படித்த தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி நினைவிருக்கிறதா? இங்கே குமிழின் அளவு தற்சார்பு மாறி. காதில் கேட்கும் தெளிவு சார்பு மாறி. கட்டுப்படுத்த வேண்டியது ஒலியின் உரப்பு. இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். 6 டெசிபெல் கூட்டினால் வீச்சு ஏறக்குறைய இரட்டிப்பாகும். உரத்த ஒலி நம் காதுக்குச் சிறந்த ஒலியாகத் தோன்றும். ஆகவே, மாற்றிய பதிவையும் மாற்றாத பதிவையும் ஒரே உரப்புக்குக் கொண்டுவந்து, எது எது என்று தெரியாதபடி ஒரு நண்பருக்குப் போட்டுக் காட்டுங்கள். 'ஆடாசிட்டி' போன்ற இலவச மென்பொருளில் அலைவடிவத்தைப் பெரிதாக்கிக் கண்ணாலும் பாருங்கள். படிவம் 4 இயற்பியலில் வரும் வீச்சும் தணிப்பும் பாடநூலை விட்டு வெளியே வந்து உங்கள் திரையில் நிற்கும்.

மென்பொருளின் தயார் அமைப்புகளில் இன்று உறுமிக்கு இடமில்லை என்றால், அது உறுமியின் குறை அல்ல. அதை அளந்து, அதன் தன்மையை எழுதி வைக்க ஆள் வேண்டும். இயற்பியலும் தெரிந்து, உறுமியும் வாசிக்கத் தெரிந்த மாணவனோ மாணவியோ செய்ய வேண்டிய வேலை அது. தொடங்குவதற்கு ஒரு கைப்பேசியும் ஓர் உறுமியும் போதும்.