எந்த நிலைப்பு?

அலுமினிய உலோகக் கண்ணாடி பற்றி நம் இதழுக்கு வரும் கட்டுரைகளில் பல, ஏதோ ஒரு தனிமத்தைச் சேர்த்ததும் நிலைப்பு கூடியது என்ற முடிவோடு நின்றுவிடுகின்றன. எந்த நிலைப்பு? உருகிய கலவை குளிரும்போது படிகமாகாமல் தப்புவது ஒன்று. அப்படித் தப்பி ரிப்பனாக உறைந்த கண்ணாடி மறுபடி சூடாகும்போது தாக்குப்பிடிப்பது வேறொன்று. முன்னதற்கு உதவும் தனிமம் பின்னதற்கும் உதவும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

1980களின் தொடக்கத்தில் சிலிக்கான் சேர்த்து எடுத்த அலுமினியக் கண்ணாடிகள் வளைத்தால் ஒடிந்தன. 1988இல் ஜப்பானின் தொஹோகுவிலும் அமெரிக்காவின் வர்ஜீனியாவிலும் அருமண் தனிமங்களைச் சேர்த்தபோதுதான் வளையும் ரிப்பன் கிடைத்தது. அலுமினியத்தோடு இட்ரியமும் நிக்கலும் சேர்ந்த கலவையைப் பாருங்கள்: அலுமினிய அணுவின் ஆரம் சுமார் 1.43 ஆங்ஸ்ட்ராம், இட்ரியத்துக்கு 1.80, நிக்கலுக்கு 1.24. இந்த அளவு வேற்றுமையோடு அலுமினியத்தின் மீது இரண்டுக்கும் உள்ள ஈர்ப்பும் சேர்ந்து அணுக்களை நெருக்கமாக அடுக்குகிறது. சூடேற்றும்போது முதலில் தோன்றுவது தூய அலுமினியப் படிகம். அது வளர வேண்டுமானால் இட்ரியத்தை வெளியே தள்ளியாக வேண்டும். மெதுவாக நகரும் அந்தப் பெரிய அணுக்கள் எல்லையில் குவிந்து வளர்ச்சியை மறித்துவிடுகின்றன. சில நானோமீட்டர் அளவிலேயே நின்றுபோகும் இந்தப் படிகங்கள்தான் சுமார் 1,000 மெகாபாஸ்கல் வலிமையை 1,500க்கு உயர்த்துபவை. அதனால் படிகமாதலை முற்றிலும் தடுப்பதே குறிக்கோள் என்று கொள்வது தவறு. நிக்கல் இருந்த இடத்தில் சிறிது செம்பு வந்தால் படிகமாதல் முன்கூட்டியே தொடங்கும், ஆனால் படிகங்கள் இன்னும் நுண்ணியவையாக அமையும். அதை நிலைப்புக் குறைவு என்று மட்டும் எழுதினால் பாதி உண்மை விடுபடுகிறது.

செய்முறையையும் மறைக்கக் கூடாது. அலுமினியம் 92, சமாரியம் 8 என்ற கலவையைச் சுழல் சக்கரத்தில் வார்த்தால், சூடேற்றும்போது நானோபடிகங்கள் திரளும். அதே கலவையைத் தகடுகளாக அடுக்கிக் குளிர் உருட்டலில் படிகமற்றதாக்கினால் அவை தோன்றுவதில்லை. முன்னதில் அவை திரள்வதற்கு வார்ப்பின்போதே உறைந்துபோன படிகக் கருக்களே காரணம். ஆகவே சக்கர வேகம், ரிப்பனின் தடிமன், ஆக்ஸிஜன் அளவு, சூடேற்றும் வீதம் ஆகியவை இல்லாத படிகமாதல் வெப்பநிலையை இனி ஏற்கமாட்டோம். மாறா வெப்பநிலையில் எடுத்த, வெப்பப் பாய்வைக் காட்டும் டிஎஸ்சி வளைவும் வேண்டும். தொடக்கத்திலிருந்தே தணிந்துகொண்டு போகும் வளைவு, ஏற்கெனவே இருந்த கருக்கள் வளர்வதைச் சொல்கிறது. ஏறி முகடு கண்டு இறங்கினால் புதிய கருக்கள் பிறக்கின்றன.

இன்னொரு வேண்டுகோள். மேட்டூரில் 1965இல் உற்பத்தி தொடங்கி 2008இல் நின்றுபோன மால்கோ உருக்காலையில் சேர்வராயன் மலை பாக்சைட்டிலிருந்து அலுமினியம் எடுத்தார்கள். எந்த உருக்காலை உலோகத்திலும் மிஞ்சும் முதன்மை மாசுகள் இரும்பும் சிலிக்கானும். உருக்குபவருக்கு இரும்பு தொல்லை, நமக்கோ அது கண்ணாடியைக் கட்டும் தனிமம். சிலிக்கான் அப்படியல்ல. நம் ஆய்வுகளோ பெரும்பாலும் மிகத் தூய அலுமினியத்திலேயே நடக்கின்றன. வணிகத்தர உலோகத்தில் எடுத்த ரிப்பன்களின் அளவீடுகளை, தோற்றுப்போன வார்ப்புகள் உட்பட, அடுத்த இதழ்களுக்கு அனுப்புங்கள்.