மதுரையில் எலெக்ட்ரிக் கார் யாருக்கு லாபம்? அண்ணா நகருக்கா, உசிலம்பட்டிக்கா?

கார் வாங்கப் போறேன்னு வீட்டில் வாயைத் திறந்தால் போதும். "பெட்ரோல் விக்கிற விலைக்கு எலெக்ட்ரிக்கே எடு" என்பார் மாமா. "பேட்டரி போச்சுன்னா பாதி கார் போச்சு" என்பார் சித்தப்பா. ரெண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கு. ஆனால், ரெண்டு பேருமே கேட்காத கேள்வி ஒன்று: மாசம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவே?

லாபமா, நஷ்டமா என்பதை முடிவு செய்வது அந்த ஒரு எண்தான். கணக்குப் போட்டுப் பார்த்துடலாம்.

முதலில் கரன்ட் பில்

"வீட்டில் சார்ஜ் போட்டால் செலவே இல்லை" என்பது பாதிப் பொய். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஸ்லாப் கணக்கில். முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் 500 யூனிட்டைத் தாண்டினால் 101-200 யூனிட்டுக்கான குறைந்த கட்டணம் போய்விடும். மேலே போகப் போக யூனிட் விலையும் ஏறும்.

இப்போது 400 யூனிட் ஓடும் வீடு என்று வைத்துக்கொள்வோம். 2024 ஜூலை கட்டணப்படி பில் 1,175 ரூபாய். காருக்காக இன்னொரு 300 யூனிட் சேர்ந்தால் பில் 3,825 ரூபாய். அதாவது, காருக்குப் போகும் ஒவ்வொரு யூனிட்டும் கிட்டத்தட்ட 9 ரூபாய்.

சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து யூனிட்டுக்கு 6 கி.மீ. என்று வைத்தால், கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், மைலேஜ் 15 என்றால் கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 70 காசு. மிச்சம் சுமார் 5 ரூபாய். வித்தியாசம் பெரிசுதான். ஆனால் அந்த 5 ரூபாய் ஓட்டினால்தான் கிடைக்கும்.

ரெண்டு பேர், ஒரே கார்

எலெக்ட்ரிக் கார், அதே அளவு பெட்ரோல் காரைவிட 3 லட்சம் அதிகம் என்று வைத்துக்கொள்வோம். மாடலுக்கு மாடல் இது மாறும்.

அண்ணா நகரில் ஒருவர். வேலை இலந்தைக்குளம் ஐ.டி. பார்க்கில். ஆபீஸ், மாட்டுத்தாவணி, ஞாயிற்றுக்கிழமை அழகர்கோவில் எல்லாம் சேர்த்தாலும் மாதம் 500 கி.மீ. வருடத்துக்கு மிச்சம் சுமார் 31,000 ரூபாய். அந்த 3 லட்சத்தை எடுக்கக் கிட்டத்தட்ட 10 வருடம்.

உசிலம்பட்டியில் இன்னொருவர். மதுரைக்குத் தினமும் போக வர 80 கி.மீ. மாதம் 22 நாள் என்றால் 1,760 கி.மீ. கரன்ட் பில் மேல் ஸ்லாபுக்குப் போனாலும் வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் மிச்சம். 3 லட்சம் மூன்றே வருடத்தில் திரும்பும். கூடுதல் கடனுக்கான வட்டியைச் சேர்த்தால் இன்னும் கொஞ்ச நாள், அவ்வளவுதான்.

எலெக்ட்ரிக் காரை 'சிட்டி கார்' என்றே விற்கிறார்கள். மதுரை மாதிரி சின்னச் சிட்டியில் கணக்கு தலைகீழ். லாபம் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி பக்கமிருந்து வருகிறவருக்குத்தான்.

பேட்டரி பயம்

பல நிறுவனங்கள் பேட்டரிக்குத் தரும் வாரன்டி 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ., எது முதலில் வருகிறதோ அது. உசிலம்பட்டிக்காரர் அந்தக் கிலோமீட்டரை ஏழரை வருடத்தில் முடித்து, முழுப் பலனையும் எடுத்திருப்பார். அண்ணா நகர்க்காரர் 8 வருடத்தில் ஓட்டியிருப்பது வெறும் 48,000. பேட்டரிக்கு ஓடினாலும் வயசு ஆகும், சும்மா நின்றாலும் வயசு ஆகும். நம்ம ஊர் சித்திரை வெயிலில் முழு சார்ஜோடு நிறுத்தி வைத்தால் இன்னும் சீக்கிரம்.

கையெழுத்து போடும் முன்

சொந்த பார்க்கிங்கில் ப்ளக் பாயின்ட் இருக்கா? மாசி வீதிகளுக்குள் பைக் நிறுத்தவே இடமில்லை. பொது ஃபாஸ்ட் சார்ஜரை மட்டும் நம்பினால் யூனிட் 20 ரூபாய்க்கு மேலும் போகும். மிச்சம் நன்றாகவே குறையும்.

வரியையும் பாருங்கள். எலெக்ட்ரிக் காருக்கு ஜி.எஸ்.டி. 5%. சிறிய பெட்ரோல் கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 18%. முன்பு 28 சதவீதமும் செஸ்ஸும் இருந்தது. ஆக, பெட்ரோல் கார் விலை இறங்கியிருக்கு. கார் லோன் வட்டிக்கு ஒன்றரை லட்சம் வருமான வரிச் சலுகை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது 2023 மார்ச் 31-க்குள் வாங்கிய கடனுக்கு மட்டும்தான். எலெக்ட்ரிக் காருக்குத் தமிழ்நாடு தரும் சாலை வரி விலக்கு இன்றைக்கு எப்படி இருக்கிறது என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

என் கருத்து

மாதம் 1,500 கி.மீ., வீட்டில் ப்ளக், இந்த ரெண்டும் இருந்தால் யோசிக்காமல் எலெக்ட்ரிக் எடுக்கலாம். 500 கி.மீ.தான் என்றால் சின்ன பெட்ரோல் கார் போதும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இடையில் இருப்பவர்கள் ஷோரூமுக்குப் போகும் முன் ஒரு மாதம் ஓடோமீட்டரை எழுதி வையுங்கள்.

அரசுக்கும் ஒரு வார்த்தை. வாகன சார்ஜிங்குக்கு டெல்லியில் தனிக் கட்டணம் இருக்கிறது. இங்கே வீட்டில் சார்ஜ் போடுகிறவர் ஏ.சி. ஓட்டுகிறவரோடு ஒரே ஸ்லாபில் நிற்கிறார். எலெக்ட்ரிக் கார் வாங்கச் சொல்லிவிட்டு, வாங்கியவரின் கரன்ட் பில்லை மூன்று மடங்காக்குவது சரியா?