எண்ணிக்கையும் நாற்காலியும்

கொடைக்கானல் போகிறவர்களுக்குக் கொடைரோடு ஒரு ரயில் நிலையம். மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே நான்கு வழிச்சாலையில் ஓடுகிறவர்களுக்கு அது ஒரு சுங்கச்சாவடி. அங்கே வாழ்கிறவர்களுக்கோ அது அம்மையநாயக்கனூர் பேரூராட்சி. அதன் எல்லையைத் தாண்டினால் நிலக்கோட்டை ஒன்றியத்தின் கிராம ஊராட்சிகள். பன்னீர் திராட்சைத் தோட்டம், மல்லிகைத் தோட்டம், சிப்காட் ஆலை என்று பாதி கிராமமாகவும் பாதி நகரமாகவும் இருக்கிற இந்தப் பகுதியில் தலித்துகள், இடைநிலைச் சாதியினர், இசுலாமியர், கிறித்தவர் எல்லோரும் வாழ்கிறார்கள். இத்தனை பேரில் யார் ஆள்வது என்பதை எது முடிவு செய்கிறது?

சட்டம் சொல்லும் பதில் எளிது: மக்கள் தொகை. 1992இல் நிறைவேறிய 73, 74ஆவது அரசியல் சட்டத் திருத்தங்களின்படி, பட்டியல் சாதியினர் எவ்வளவு பேரோ அந்த விகிதத்தில் உள்ளாட்சி இடங்கள் அவர்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும். ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் ஊரின் நாற்காலியில் உட்கார வழி செய்த திருத்தங்கள் இவை. ஆனால் நடைமுறையில் அந்த நாற்காலி மூன்று வழிகளில் நழுவுகிறது.

முதலாவது, தேர்தலையே தள்ளிப்போடுவது. ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்தாக வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். தமிழ்நாட்டிலோ 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. அதுவும் 27 மாவட்டங்களில் மட்டும். திண்டுக்கல் அவற்றில் ஒன்று. அந்தப் பிரதிநிதிகளின் காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்தபோதும் தேர்தல் நடத்தப்படவில்லை. ஊராட்சிகள் தனி அலுவலர்களிடம் போயின. வார்டு மறுவரையறை, நகர்ப்புற எல்லை விரிவாக்கம், வழக்குகள் என்று ஒவ்வொரு முறையும் காரணம் சொல்லப்படுகிறது. தனி அலுவலர் பதவிக்கு உள்ளாட்சி இடஒதுக்கீடு கிடையாது. தலித் தலைவர், பெண் தலைவர் என்று சட்டம் ஒதுக்கிய நாற்காலிகள் ஒரே உத்தரவில் காலியாகிவிடுகின்றன. பாப்பாப்பட்டி, கீரிப்பட்டியில் தலித் தலைவர் வரக்கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் 1996 முதல் பத்தாண்டுகள் தேர்தலை முடக்கியதைக் கண்டித்தோம். அரசே தேர்தலைத் தள்ளிப்போடும்போது அதே குரலில் கேட்கிறோமா?

இரண்டாவது, கணக்கு. இடஒதுக்கீட்டுக்கு அடிப்படை, கடைசியாக வெளியான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அது 2011உடையது. அதன்படி திண்டுக்கல் மாவட்டத்தில் சுமார் 21.6 லட்சம் பேர். ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. அதோடு, 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை இந்து, சீக்கிய, பௌத்த தலித்துகளை மட்டுமே பட்டியல் சாதியாக ஏற்கிறது. நிலக்கோட்டை வட்டாரத்தில் கிறித்தவம் தழுவிய தலித் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. அதே சேரி, அதே ஒதுக்கல். ஆனால் பட்டியல் சாதிக் கணக்கில் அவர்கள் இல்லை. தனி வார்டில் நிற்கும் உரிமையும் இல்லை. ஒரு சேரியில் பாதிப்பேர் ஞானஸ்நானம் பெற்றவர்கள் என்றால், அந்தச் சேரியின் பலம் காகிதத்தில் பாதியாகிவிடுகிறது.

மூன்றாவது, நாற்காலி கிடைத்த பிறகு நடப்பது. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவர் தரையில் உட்கார வைக்கப்பட்டதும், திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலித் பெண் தலைவர் கொடியேற்ற விடாமல் தடுக்கப்பட்டதும் 2020இல் வெளியே வந்தவை. பேரூராட்சியில் இது இன்னும் நாசூக்காக நடக்கலாம். ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2022இல் பேரூராட்சித் தலைவர்களைத் தேர்ந்தெடுத்தது கவுன்சிலர்கள். தலைவர் பதவி தலித்துக்கு ஒதுக்கப்பட்டாலும், தலித் கவுன்சிலர்களில் யார் அந்த இடத்துக்கு வர வேண்டும் என்பதைப் பெரும்பான்மைக் கவுன்சிலர்களே முடிவு செய்வார்கள். எதிர்த்துப் பேசுகிறவரைவிட, சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடுகிறவரையே ஆதிக்கச் சாதிகள் விரும்பும்.

நகரமானால் சாதி கரைந்துவிடும் என்று நம்பும் இளைஞர்கள் இதையும் யோசிக்க வேண்டும். ஊராட்சி பேரூராட்சியாகும்போது கிராம சபை போய்விடுகிறது. கிராமப்புற வேலை உறுதித் திட்டமும் போய்விடுகிறது. கூலிக்குப் போகும் தலித் பெண்ணுக்கு இரண்டும் இழப்பு. சேரி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

2027 கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்று ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. மதம் மாறிய தலித்துகளின் சாதியும் முழுமையாகப் பதிவாக வேண்டும்; 1950 ஆணையின் மதத்தடை நீக்கப்பட வேண்டும். உள்ளாட்சித் தேர்தல் குறித்த காலத்தில் நடக்க வேண்டும். பேரூராட்சித் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். இவை சென்னையிலும் டெல்லியிலும் முடிவாகிறவை. ஆனால் உங்கள் ஊரில் எத்தனை தனி வார்டுகள், தலைவர் பதவி யாருக்கு ஒதுக்கப்பட்டது, இப்போது அங்கே கையெழுத்துப் போடுவது யார் என்ற மூன்று கேள்விகளை ஊராட்சி அலுவலகத்திலேயே கேட்கலாம். பதில் தரவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கிடைத்த பதிலை சேரியில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.