தீப்பிடிக்கும் முன்பே தொடங்கும் வேலை

பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் பேருந்து நிலையச் சுவர்களில் முளைக்கும் விளம்பரங்களில் 'ஃபயர் அண்டு சேஃப்டி' படிப்புக்கும் இடமுண்டு. அதைப் படித்தால் பிள்ளை தீயணைப்பு வீரராகிவிடுவான் என்று பெற்றோர் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு பாதைகள்.

தமிழ்நாட்டில் தீயணைப்பாளர்களைத் தேர்ந்தெடுப்பது சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோடு எழுத்துத் தேர்விலும் உடல்திறன் தேர்விலும் தேற வேண்டும். பயிற்சியைத் துறையே கொடுக்கும். அதற்காகப் பணம் கட்டி டிப்ளமோ வாங்க வேண்டியதில்லை.

அப்படியானால் கல்லூரியில் எதைக் கற்பிக்கிறார்கள்? 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். சமையலிடத்தில் எழுந்த நெருப்பு கீற்றுக்கூரைக்குத் தாவியது. வெளியேறும் வழியோ குறுகல். அங்கே பிள்ளைகளின் உயிரைப் பறித்ததில் நெருப்புக்கு இருந்த பங்கு கூரைக்கும் வழிக்கும் உண்டு. ஒரு கட்டடத்தில் எத்தனை பேர் இருப்பார்கள், அவர்கள் இறங்க எத்தனை படிக்கட்டுகள் வேண்டும், எந்தப் பொருள் எவ்வளவு நேரம் தீயைத் தாங்கும், புகை எந்தப் பக்கம் போகும்? இந்தக் கேள்விகளுக்குக் கணக்கோடு விடை சொல்வதுதான் தீப்பொறியியல்.

கூரையில் பொருத்தும் ஸ்பிரிங்ளரைப் பாருங்கள். சினிமாவில் எல்லாம் ஒரே நேரத்தில் மழையாய்ப் பொழியும். வழக்கமான அமைப்பில், சூடேறிய ஸ்பிரிங்ளர் மட்டுமே திறக்கும். அதன் முனையிலுள்ள சிறு கண்ணாடிக் குமிழ், பெரும்பாலும் 68 டிகிரி செல்சியஸில், உடைந்து தண்ணீருக்கு வழிவிடுகிறது. கடைசி மாடிவரை போதிய அழுத்தத்தில் நீர் வர எந்த அளவுக் குழாய், எத்தகைய பம்பு என்று கணக்கிட வேண்டும். இயற்பியலும் கணிதமும் கசக்கும் பிள்ளைக்கு இந்தப் படிப்பும் கசக்கும்.

மத்திய உள்துறையின் கீழ் நாக்பூரில் இயங்கும் தேசிய தீயணைப்புச் சேவைக் கல்லூரியில் தீப்பொறியியல் பட்டப்படிப்பு உண்டு. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பும் தீப்பொறியியலும் சேர்ந்த பி.டெக். இருக்கிறது. படித்தவர்களுக்கு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, விமான நிலையம், கட்டட வடிவமைப்பு, காப்பீடு எனப் பல துறைகளில் இடமுண்டு. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இன் நான்காம் பகுதி அவர்களின் அன்றாடக் கைநூல். தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலர் வேலைக்கு விதிகள் தனி. ஆறு மாதச் சான்றிதழ் ஒன்றே அதற்குப் போதும் என்று யாராவது சொன்னால் நம்பிப் பணம் கட்ட வேண்டாம். பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம், ஆய்வகம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

பிள்ளையிடமும் ஒன்று கேட்கலாம். அடுத்த முறை கல்யாண மண்டபத்துக்குப் போகும்போது, பின்கதவு பூட்டியிருந்தால் அது அவன் கண்ணில் படுகிறதா? சாவி யாரிடம் என்று விசாரிக்கத் தோன்றுகிறதா? தோன்றினால், தைரியமாகச் சேர்த்துவிடலாம்.