புது ரிவால்வரை நம்பலாமா? மக்கள் சோதிக்க முடியாது, அரசாவது முடிவைச் சொல்ல வேண்டாமா?

பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் போர்வெல் மோட்டார் வாங்கப் போகிறவர், கடைக்காரர் பேச்சை மட்டும் கேட்டு முடிவெடுக்க மாட்டார். பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் "எத்தனை வருஷமா ஓடுது? எத்தனை தடவை காயில் கட்டினீங்க?" என்று விசாரித்துவிட்டுத்தான் பணத்தை எடுப்பார். செல்போன், பைக், மிக்ஸி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். பக்கத்துத் தோட்டத்துக்காரரின் இடத்தில் நமக்கு யூடியூப் ரிவ்யூ வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் லட்ச ரூபாய்க்கு மேல் விலை வைத்து விற்கப்படும் ஒரு பொருளுக்கு இப்படி விசாரிக்க வழியே இல்லை. அதுதான் கைத்துப்பாக்கி.

நமக்கு எதுக்கு இந்தப் பேச்சு?

நியாயமான கேள்விதான். சித்தேரி மலையை ஒட்டிய ஊர்களில் துப்பாக்கி என்றால் நினைவுக்கு வருவது, மருந்து கெட்டிச்சுச் சுடும் நாட்டுத் துப்பாக்கி. பயிர்ப் பாதுகாப்புக்கான அந்த வகைத் துப்பாக்கிக்கு 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவே தனியாக வழி வைத்திருக்கிறது. கைத்துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்கள் நம்மில் மிகச் சிலர்.

ஆனால் துப்பாக்கி பழுதானால் பாதிப்பு அதை வைத்திருப்பவரோடு நிற்காது. சுட வேண்டிய நேரத்தில் சுடாவிட்டால் ஓர் உயிர் போகலாம். சுடக் கூடாத நேரத்தில், கீழே விழுந்ததும் வெடித்தால், சம்பந்தமே இல்லாமல் பக்கத்தில் நின்றவர் உயிர் போகலாம். மிக்ஸி பழுதானால் சட்னிதான் போகும்.

விளம்பரம் என்ன சொல்கிறது?

2014-ல் கான்பூர் பீரங்கித் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற .32 ரிவால்வரை, பெண்களின் பாதுகாப்புக்கு என்று சொல்லி வெளியிட்டது. டைட்டானியம் கலவை உடல், 525 கிராம் எடை, விலை 1,22,360 ரூபாய். விலை பற்றியும், துப்பாக்கி பெண்களைக் காப்பாற்றுமா என்பது பற்றியும் அப்போது நாடே விவாதித்தது. இரண்டும் தேவையான விவாதங்கள்தான். அது எத்தனை தோட்டாவுக்கு ஒருமுறை சிக்கும் என்ற கேள்வி மட்டும் அந்தச் சத்தத்தில் காணாமல் போனது.

அடுத்து 2023 ஆகஸ்ட் 18-ல் 'பிரபல்' ரிவால்வர் வந்தது. தயாரித்தது ஏ.டபிள்யூ.இ.ஐ.எல். என்ற மத்திய அரசு நிறுவனம். நம் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் இதே நிறுவனத்தின் கீழ்தான் இருக்கிறது. "50 மீட்டர் வரை சுடும், 700 கிராம் எடை, தோட்டா உருளை பக்கவாட்டில் திறக்கும்" என்று செய்திகள் வந்தன. இவையெல்லாம் பொருளின் விவரங்கள். நம்பகத்தன்மைக்கு இவை சான்று ஆகாது.

குழல் சோதனை போதாதா?

குழல் சோதனையில், வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டாவைச் சுட்டு, குழலும் உருளையும் தாங்குகின்றனவா என்று பார்ப்பார்கள். தாங்கினால் முத்திரை குத்துவார்கள். துப்பாக்கி கையிலேயே வெடித்துச் சிதறாது என்பதற்கு அது உத்தரவாதம். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒழுங்காகச் சுடுமா, கீழே விழுந்தால் சும்மா இருக்குமா, ஆயிரம் தோட்டாவுக்குப் பிறகு உருளை குழலோடு நேராக நிற்குமா என்பதை அந்த முத்திரை சொல்லாது. அதற்குத்தான் நம்பகத்தன்மைச் சோதனை.

50 தோட்டா சுட்டால் தெரிந்துவிடுமா?

தெரியாது. இதற்குப் புள்ளியியலில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. 50 தடவை சுட்டு ஒருமுறைகூடச் சிக்கவில்லை என்றால், 3-ஐ 50-ஆல் வகுத்துப் பாருங்கள்: 6 சதவீதம். அதாவது, அந்தத் துப்பாக்கி நூற்றில் 6 முறை வரை சிக்கக்கூடியது என்ற சாத்தியத்தை அந்தச் சோதனையால் மறுக்க முடியாது. அது 1 சதவீதத்துக்கு மேல் இல்லை என்று 95 சதவீத உறுதியோடு சொல்லவே 300 தோட்டா வேண்டும், ஒன்றுகூடச் சிக்காமல்.

அதுவும் ஒரே ஒரு துப்பாக்கிக்கு. நிறுவனமே பொறுக்கி எடுத்துக் கொடுத்த துப்பாக்கி என்றால், கடையில் வாங்குபவருக்கு அந்த முடிவு பெரிதாக உதவாது. பெட்டியைப் பிரித்து, பளபளப்பைக் காட்டி, பத்து ரவுண்டு சுட்டு "செம்ம" என்று சொல்வது ரிவ்யூ கிடையாது.

நேர்மையான சோதனை என்ன செய்யும்?

அமெரிக்க ராணுவம் 2017 ஜனவரியில் சிக் சாவர் நிறுவனத்தின் பி320 துப்பாக்கியை அடிப்படையாகக் கொண்ட மாடலைத் தேர்ந்தெடுத்தது. கடைகளில் விற்ற பி320, வழக்கமான விழுதல் சோதனைகளில் தேறிய துப்பாக்கி. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஒமாஹா அவுட்டோர்ஸ் என்ற விற்பனை நிறுவனம் அதை வேறு கோணத்தில் கீழே போட்டுப் பார்த்தது. பின்பக்கம் சாய்வாகத் தரையில் மோதியபோது, விசையை யாரும் தொடாமலே சுட்டது. அதை வீடியோவாகவே வெளியிட்டார்கள். தாங்கள் விற்கும் பொருளைப் பற்றித்தான்! அதே மாதத்தில் தயாரிப்பாளர், துப்பாக்கிகளை இலவசமாக மாற்றியமைத்துத் தருவதாக அறிவிக்க வேண்டியதாயிற்று.

அந்நாட்டு ராணுவத் தலைமையகத்தின் சோதனைப் பிரிவும் எதையும் மறைக்கவில்லை. ராணுவம் கேட்டது சராசரியாக 2,000 தோட்டாவுக்கு ஒரு தடங்கல். சாதாரண ராணுவத் தோட்டாவில் கிடைத்தது 343-க்கு ஒன்று என்று தன் 2017-ஆம் நிதியாண்டு அறிக்கையில் வெளிப்படையாக எழுதியது.

இங்கே நிலைமை தலைகீழ். இன்சாஸ் ரைஃபிளின் மேகசின் குளிரில் விரிசல் விடுகிறது என்ற புகார்கள் 1999 கார்கில் போருக்குப் பிறகுதான் பெரிதாக வெளியே வந்தன. சோதனைக் கூடத்தில் தெரிய வேண்டியது போர்முனையில் தெரிந்தது.

அப்படியானால் எல்லோரையும் சுட்டுப் பார்க்க விடலாமா?

வேண்டவே வேண்டாம். நம் சட்டத்தில் துப்பாக்கியைச் சோதிப்பதற்கும்கூட 5-ஆம் பிரிவின்படி உரிமம் வேண்டும். உரிமம் உள்ளவரும் அனுமதித்த அளவுக்கு மேல் தோட்டா வாங்க முடியாது. இந்தக் கெடுபிடி தேவை, தளரவும் கூடாது. ஆனால் "நீங்கள் சோதிக்கக் கூடாது" என்று சொல்லும் அரசே துப்பாக்கியைத் தயாரித்தும் விற்கிறது. அப்படியென்றால், சோதித்த முடிவைச் சொல்லும் கடமையும் அதற்குத்தான் இருக்கிறது.

"இது பாதுகாப்பு ரகசியம்" என்ற பதில் செல்லாது. உரிமம் உள்ள பொதுமக்களுக்குக் காசுக்கு விற்கும் .32 ரிவால்வரில் என்ன ராணுவ ரகசியம்? "துப்பாக்கி மோகத்தை வளர்க்கும்" என்ற கவலையும் தேவையில்லை. மோகத்தை வளர்ப்பது பளபளப்பான விளம்பரம். இத்தனை முறைக்கு ஒருமுறை சிக்கும் என்ற எண்ணைப் பார்த்தால் மோகம் குறையத்தான் செய்யும்.

கார்களில் இது நடந்து முடிந்த கதை. 2014-ல் குளோபல் என்கேப் சோதனையில் ஐந்து இந்தியக் கார்களுக்குப் பூஜ்ஜியம் ஸ்டார் கிடைத்தது. முடிவு வெளியே வந்ததும் வாங்குபவர்கள் ஸ்டார் கேட்க ஆரம்பித்தார்கள். 2018-ல் டாடா நெக்ஸான் ஐந்து ஸ்டார் வாங்கியது. 2023 அக்டோபரில் பாரத் என்கேப் என்று அரசே திட்டம் தொடங்கியது.

துப்பாக்கிக்குக் கேட்பது அவ்வளவுகூட இல்லை. நாலே விவரம்தான்:

• எத்தனை துப்பாக்கிகளில், எத்தனை தோட்டா சுட்டார்கள்?
• எத்தனை முறை சிக்கியது, ஏன்?
• எந்தெந்தத் தோட்டாவில் சோதித்தார்கள்?
• எந்த உயரத்தில், எந்தக் கோணங்களில் கீழே போட்டார்கள்?

ஏ.டபிள்யூ.இ.ஐ.எல். அரசு நிறுவனம். 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, யாரும் கேட்காமலே தகவல்களை வெளியிடும் பொறுப்பை இத்தகைய அமைப்புகளுக்குத் தருகிறது. அடுத்த ரிவால்வர் அறிமுக விழாவில் எடையும் தூரமும் சொல்லும்போது, இந்த நாலு பதிலையும் சேர்த்துச் சொல்லட்டும்.