ஆலைத் தொழிலாளியும் பௌதிகப் பட்டமும்

தேன்கனிக்கோட்டைத் தாலுகா என்றால் ராகியும் காடும் யானையும் என்று வெளியூரார் நினைத்திருந்த காலம் போய்விட்டது. ஓசூரில் அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மோட்டாரும் டைட்டனும் வேரூன்றி ஒரு தலைமுறை கடந்துவிட்டது. அண்மையில் இந்த வட்டாரத்திலேயே டாட்டா கம்பெனியார் கைப்பேசி உறுப்புகள் செய்யும் பெரிய ஆலையொன்றை நிறுவி ஆயிரக்கணக்கான பெண்களை வேலைக்கு அமர்த்தியிருக்கிறார்கள். ஐ.டி.ஐ. முடித்தும், டிப்ளமா பெற்றும், பிளஸ் டூவோடு நின்றும் இவ்வாலைகளில் சேர்ந்தவர்களில் சிலருக்கு, இருபத்தைந்து முப்பது வயதான பிறகு, பௌதிக சாஸ்திரத்தை முறையாகக் கற்றுப் பட்டம் பெற வேண்டுமென்ற ஆவல் பிறக்கிறது. எந்தச் சர்வகலாசாலை, எந்த வழி என்று அவர்கள் கேட்கும்போது நேரான பதில் கிடைப்பதில்லை. கிடைப்பதெல்லாம் பரிகாசந்தான். இந்த வயதில் இது எதற்கு என்பார்கள். படித்தே தீருவதென்றால் இன்ஜினீரிங் படித்துத் தொலைக்கக் கூடாதா என்பார்கள்.

இந்த ஆட்சேபத்தை ஒதுக்கிவிட முடியாது. பி.எஸ்ஸி. பட்டம் கைக்கு வந்த மறுநாள் ஆலையில் சம்பளம் உயரப் போவதில்லை. உபாத்தியாயராக வேண்டுமானால் அதன்மேல் பி.எட். வேண்டும், ஆராய்ச்சிக்குப் போக எம்.எஸ்ஸி. வேண்டும். குடும்பஸ்தன் இதையெல்லாம் கணக்கிட்டுத்தான் இறங்க வேண்டும். ஆயினும் பத்து வருஷம் கடைசல் யந்திரத்தின் முன் நின்றவன், உளிமுனை சூடேறுவதையும், உலோகம் தேய்வதையும், அளவு ஒரு மயிரிழை பிசகுவதையும் கண்ணால் கண்டவன். அவற்றின் காரணத்தை அறிய அவன் விரும்பினால் அது வீண் ஆசையல்ல. நேற்றுப் பள்ளியை விட்டு வந்த பையனைக் காட்டிலும் அவனுக்கே இந்தச் சாஸ்திரத்தில் உரிமை அதிகம் என்பது நமது அபிப்பிராயம். வயதைப் பற்றிய பயமும் அளவுக்கு மிஞ்சியது. எம்.எஸ்ஸி. வகுப்புகளுக்காக ஐ.ஐ.டி.கள் நடத்தும் ‘ஜாம்’ என்னும் நுழைவுப் பரீட்சைக்கு வயது வரம்பே கிடையாது.

எல்லைப்புறத்து மனிதனுக்குக் கல்வி தேடி வடக்கே பார்ப்பது புதிய வழக்கமுமன்று. 1878-இல் ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, ஓசூர்ப் பள்ளியில் படித்துப் பின் பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் பி.ஏ. தேறினார். அவரே பிற்காலத்தில் தமிழில் ‘திண்ணை ரசாயனம்’ எழுதினார். 1916-இல் சேலத்தில் சாஸ்திரக் கலைச்சொற்களுக்கென்று ஒரு சங்கமும் கண்டார். அதே பெங்களூரில்தான் 1928 மார்ச் 16-ஆம் தேதி ஸர் சி. வி. ராமன் தம் புதிய ஒளிச்சிதறலைப் பற்றி விரிவாக உரை நிகழ்த்தினார். ஓசூரிலிருந்து அந்நகரம் சுமார் 40 கிலோமீட்டர். இவ்வளவு அருகில் இருப்பதாலேயே ஓர் அபாயமும் உண்டு. அதைச் சற்று விரித்துச் சொல்லுகிறோம்.

மைசூரில் 1996-இல் ஸ்தாபிதமான கர்நாடக மாநிலத் திறந்த சர்வகலாசாலை, தன் மாநில எல்லைக்கு வெளியேயும் படிப்பு மையங்களை அனுமதித்தது. தனியார் ஸ்தாபனங்களோடு கூட்டுச் சேர்ந்தும் பட்டங்களை நடத்தியது. 2015 ஜூனில் யு.ஜி.சி. ஒரு பொது அறிவிப்பு வெளியிட்டு, 2012-13-ஆம் ஆண்டுக்குப் பிந்திய அதன் படிப்புகளுக்கு அங்கீகாரம் இல்லையென்று கூறிவிட்டது. பணமும் வருஷங்களும் கொடுத்துச் சேர்ந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். 2018-இல் அச்சர்வகலாசாலை மீண்டும் அங்கீகாரம் பெற்றது என்பது வாஸ்தவமே. ஆனால் இடையில் உத்தியோகத்துக்கு மனுப்போட்டவனுக்கு அதனால் என்ன ஆறுதல்? தபால் வழிப் பட்டமொன்றில் சேருமுன், குறித்த சர்வகலாசாலைக்குக் குறித்த பாடத்தை, குறித்த ஆண்டில், தான் வசிக்கும் மாநிலத்தில் நடத்த யு.ஜி.சி. அனுமதி அளித்திருக்கிறதா என்று அதன் பட்டியலைப் பார்த்தே தீர வேண்டும். பெங்களூர் பஸ் நிலையத்தில் கைக்கு வரும் துண்டு நோட்டீஸ் அந்தப் பட்டியலாகாது.

பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அடிப்படைப் படிப்பைத் தாண்டிக் குதித்து நேராக மேற்பட்டம் பெறும் வழியைச் சில திறந்த சர்வகலாசாலைகள் ஒரு காலத்தில் திறந்து வைத்தன. அப்படி முதற்பட்டம் இல்லாமல் பெற்ற எம்.ஏ. செல்லாதென்று 2009-இல் அண்ணாமலைச் சர்வகலாசாலை வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்துவிட்டது. ஆகையால் பத்தாவதோடு நின்றவர், முதலில் தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் மூலமாகவாவது, தனித்தேர்வராகவாவது, பௌதிகமும் கணிதமும் சேர்ந்த பிளஸ் டூவை முடிப்பதே உசிதம். இரண்டு வருஷம் தாமதமாகும். ஆனால் படிக்கட்டில் ஓட்டை இராது.

இனி, வேலையை விட இயலாதவனுக்கு இன்றிருக்கும் வழிகளில் மேலானது எது? 1985-இல் பார்லிமெண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்த சர்வகலாசாலையே என்று சொல்லுவோம். அதற்கு வயது வரம்பில்லை. மாநில எல்லைத் தகராறும் இல்லை. மூன்று வருஷ பி.எஸ்ஸி.யை ஆறு வருஷம் வரை இழுத்து முடிக்க அது இடங்கொடுத்து வந்திருக்கிறது. அதன் பௌதிகப் புத்தகங்கள் தனியே உட்கார்ந்து படிப்பவனுக்கென்றே எழுதப்பட்டவை. ஒரே தொல்லை, தமிழில் படித்தவனுக்கு அவற்றின் இங்கிலீஷ் முதலில் மிரட்டும். சேர்வதற்கு ஆறு மாதம் முன்பே நமது மாநிலத்துப் பிளஸ் டூ கணிதப் புத்தகத்தைத் தமிழில் எடுத்து, வகைநுண்கணிதம் தொகைநுண்கணிதம் இரண்டையும் கணக்குக் கணக்காகப் போட்டுப் பார்க்கட்டும். புத்தகம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கணக்கில் மனம் ஒட்டாமற் போனால், பௌதிகம் தனக்கு ஏற்றதல்ல என்பதைச் செலவில்லாமல் அறிந்துகொண்டவனாவான். ஒட்டினால், இங்கிலீஷ் ஒரு வருஷத்தில் வசப்பட்டுவிடும்.

செய்முறைப் பயிற்சிதான் உண்மையான முட்டுக்கட்டை. பாடத்தை நள்ளிரவில் வீட்டில் படிக்கலாம். ஊசலையும் நிறமாலைமானியையும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. அதற்காகக் குறிப்பிட்ட கல்லூரியின் சோதனைச்சாலையில், குறிப்பிட்ட நாட்களில், நேரில் இருந்தாக வேண்டும். வாரத்துக்கொரு ஷிப்டு மாறுகிறவனுக்குத் தொடர்ந்தாற்போல் லீவு எங்கே கிடைக்கும்? ஒப்பந்தத் தொழிலாளியாயிருந்தால், லீவு கேட்ட அன்றே வேலையும் போகலாம். சோதனைச்சாலையே இல்லாமல் பௌதிகப் பட்டம் தருகிறோமென்று எவரேனும் சொன்னால், அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. நீச்சலைப் புத்தகத்தில் படித்த கதையாகத்தான் அது முடியும்.

1907-இல் கல்கத்தாவில் சர்க்கார் கணக்கு இலாகாவில் உதவி அக்கவுண்டண்டு ஜெனரலாகச் சேர்ந்த ராமன், பத்து வருஷம் அந்த உத்தியோகத்தைப் பார்த்துக்கொண்டே ஆராய்ச்சி செய்தார். டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் பௌபஜார் வீதியில் நிறுவிய விஞ்ஞான சங்கத்தின் சோதனைச்சாலை, ஆபீசுக்கு முந்திய விடியற்காலையிலும் பிந்திய மாலையிலும் அவருக்குத் திறந்திருந்தது. அவரிடம் எம்.ஏ. பட்டம் முன்பே இருந்தது. இல்லாதிருந்தது கருவியும் இடமும்தான். அச்சங்கத்தில் அவருக்கு உதவியாளராயிருந்த அசுதோஷ் தே, சர்வகலாசாலை வாசலையே மிதியாதவர். அவர் தம் பெயரில் எழுதிய கட்டுரையை லண்டன் ராயல் ஸொஸைட்டி வெளியிட்டது. கல்கத்தாவில் நூறு வருஷத்துக்கு முன் ஒரு தனி மனிதரின் முயற்சியால் நடந்த காரியம், ஓசூரில் இன்று சர்க்காரால் முடியாதென்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

ஓசூரில் அரசாங்கக் கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. தேன்கனிக்கோட்டைக்கு அருகே தளியில் 2022-இல் மற்றொன்று துவக்கப்பட்டது. இவை பகலில் வரும் பிள்ளைகளுக்காக ஏற்பட்டவை, அது நியாயமே. ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரு சோதனைச்சாலையை மூன்று மணி நேரம் திறந்து வைப்பதற்குப் புதுக் கட்டடம் வேண்டுமா, புதுச் சட்டம் வேண்டுமா? டிப்ளமா பெற்று வேலை பார்ப்பவர்களுக்காகச் சேலம், கோயமுத்தூர் அரசாங்க இன்ஜினீரிங் கல்லூரிகளில் பகுதிநேர பி.இ. வகுப்புகள் பல ஆண்டுகள் நடந்திருக்கின்றன. இன்ஜினீரிங்குக்கு இசைந்த சர்க்கார், அதற்குத் தாயான பௌதிகத்துக்கு மட்டும் ஏன் இசையக் கூடாது? பெரியார் சர்வகலாசாலையார் மனம் வைத்தால் ஓசூரில் மாலைநேர பௌதிக பி.எஸ்ஸி. ஒன்றைத் துவக்கலாம். அதுவரையிலும், திறந்த சர்வகலாசாலை மாணவர்களின் செய்முறை வகுப்புகளையேனும் ஷிப்டுக்கு ஏற்றபடி இங்கேயே நடத்த ஏற்பாடு செய்யலாம்.

ஆலை முதலாளிகள் தேர்ந்த தொழிலாளி கிடைப்பதில்லையென்று அடிக்கடி குறைப்படுகிறார்கள். அவர்கள் செய்யக் கூடியது ஒன்றுண்டு. படிக்கிற தொழிலாளிக்குச் செய்முறை வகுப்புக்கும் பரீட்சைக்குமாக வருஷத்தில் 15 நாள் சம்பளத்தோடு லீவு கொடுக்கலாம். தாமாகக் கொடுக்காவிட்டால், அடுத்த ஊதிய ஒப்பந்தத்தில் இதை ஒரு ஷரத்தாகச் சேர்க்கும்படி தொழிற்சங்கங்கள் வற்புறுத்த வேண்டும். போனஸுக்காக வாயிற் கூட்டம் போடுகிற சங்கங்கள் இதற்காகவும் ஒருநாள் கூட்டம் போடட்டுமே. ஒப்பந்தத் தொழிலாளியையும் அதில் சேர்த்துக்கொண்டு பேசட்டும்.

ஓசூர், தளி, வேப்பனஹள்ளித் தொகுதிகளின் சட்டசபைப் பிரதிநிதிகளிடம் இந்தக் கோரிக்கையை எடுத்துச் செல்பவர்கள், கூடவே ஒரு பஸ்ஸையும் கேட்க மறக்கலாகாது. பன்னேர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி வழியாக யானைக் கூட்டங்கள் இறங்கும் மாதங்களில், இரவு ஒன்பது மணிக்கு வகுப்பு முடிந்து தேன்கனிக்கோட்டைச் சாலையில் இருசக்கர வாகனத்தில் தனியே திரும்புவது, அதிலும் பெண்பிள்ளைகள் திரும்புவது, ஆகக்கூடிய காரியமல்ல. ஒன்பதரை மணிக்கு ஓசூரிலிருந்து கெலமங்கலம் வழியாகத் தேன்கனிக்கோட்டைக்கு ஒரு சர்க்கார் பஸ் கட்டாயமாகப் புறப்பட வேண்டும்.