வெள்ளைக்காரன் ஆளாத மண்ணா?

“புதுக்கோட்டையை வெள்ளைக்காரன் ஆளவே இல்லை” என்று சொல்லிக்கொள்வதில் நம் மாவட்டத்துக்காரர்களுக்குத் தனிப் பெருமை. கந்தர்வக்கோட்டைக் கடைவீதியிலும் இந்தப் பேச்சு அடிபடுகிறது. நம் ஊர் அன்று தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்தது. 1974-இல் புது மாவட்டம் உருவானபோதுதான் இந்தப் பக்கம் வந்தது. அதை விடுங்கள். புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குள்ளேயாவது இந்தப் பெருமை நிற்குமா என்றால், நிற்காது.

சாட்சிக்குச் சமஸ்தானத்தின் அம்மன் காசை எடுத்து வைப்பார்கள். ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’. அழகான காசுதான். ஆனால் அணாவுக்கு இருபது என்று சில்லறைக்கு மட்டுமே அது புழங்கியது. ரூபாய் வெள்ளைக்காரனுடையது.

கீழாநிலை விவகாரத்தைப் பாருங்கள். அந்தக் கோட்டையும் சீமையும் தனக்கே என்றது தஞ்சாவூர் அரசு. தனக்கே என்றார் புதுக்கோட்டை ராஜா தொண்டைமான். கடைசியில் 1803-இல் அதைத் தொண்டைமானுக்குக் கொடுத்தது கிழக்கிந்தியக் கம்பெனி, பாளையக்காரர் போரில் செய்த உதவிக்குக் கைம்மாறாக. அதற்கும் நிபந்தனை உண்டு: வேறு யாருக்கும் கைமாற்றக் கூடாது, வருஷத்துக்கு ஒரு யானை கப்பம் கட்ட வேண்டும். கம்பெனி அந்த யானையை வற்புறுத்திக் கேட்கவில்லை. 1836-இல் தள்ளுபடியே செய்துவிட்டது. ‘கப்பம் கட்டாத அரசு’ என்று இதைத்தான் மார்தட்டுகிறோம். தள்ளுபடி செய்யும் அதிகாரம் யார் கையில் இருந்ததோ, ஆட்சியும் அவன் கையில்தான் இருந்தது. முறையான உடன்படிக்கை இல்லாமல், மேலிடத்தின் தயவில் ஓடிய தன்னாட்சி இது.

1807-இல் ராஜா இறந்தார், வாரிசுகள் சிறுவர்கள். தஞ்சாவூர் ரெசிடெண்ட் பிளாக்பர்ன் நிர்வாகத்தைக் கையில் எடுத்தார். 1915-இல் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் ஆஸ்திரேலியப் பெண் மோலி ஃபின்க்கை மணந்தார். பிரிட்டிஷ் அரசு அந்தத் திருமணத்தை ஏற்கவில்லை, அவர் மகனுக்குப் பட்டம் கிடைக்கவில்லை. 1928-இல் ஆறு வயது ராஜகோபாலத் தொண்டைமான் அரியணை ஏறினார். பிறகு பல ஆண்டுகள் நிர்வாகத்தை நடத்தியவர் டாட்டன்ஹாம் என்ற ஆங்கிலேய அதிகாரி. தன் ராஜாவைத் தானே தீர்மானிக்க முடியாத ராஜ்யத்தைச் சுதந்திர ராஜ்யம் என்று எப்படிச் சொல்வது?

குடிமக்கள் நிலை இதைவிட மோசம். 1937-இல் சென்னை மாகாணத்தில் தேர்தல் நடந்து ராஜாஜி மந்திரிசபை அமைந்தது. ஓட்டுரிமை சிலருக்கே என்றாலும், கந்தர்வக்கோட்டைப் பக்கம் அது எட்டியது. எல்லைக்கு அந்தப் பக்கம் 1924 முதல் சட்டசபை இருந்தும், ஜனங்கள் தேர்ந்தெடுத்த மந்திரிசபை இல்லை.

1948 மார்ச் 3-ஆம் தேதி சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. 1952 பொதுத் தேர்தலில்தான் அந்த மண்ணின் விவசாயக் கூலியும் ஓட்டுப் போட்டார். பிள்ளைகளுக்குச் சமஸ்தானப் பெருமை சொல்கிறவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளையும் சேர்த்தே சொல்லுங்கள்.